டோட்டலா, ஐஜிஎம்மா?

அப்பாவுக்குக் கழுத்தில் கட்டி, பயாப்ஸி, டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், 6 சுற்று ஆர்-சாப் (ரிட்டுக்ஸிமாப் சேர்ந்த கீமோ). இந்த வழியில் போனவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது முதல் சுற்றுக்கு முன்னால் நடந்த 4 நாள் கூத்து.

கீமோவுக்கு முன் எடுக்கச் சொன்ன ரத்த டெஸ்ட் சீட்டில் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி இரண்டோடு, ஈரலைத் தாக்கிக் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு மட்டும் தனியாக 2 டெஸ்ட் இருந்தது: எச்பிஎஸ்ஏஜி (வைரஸ் இப்போது இருக்கிறதா என்று பார்ப்பது), ஆன்டி எச்பிசி டோட்டல் (அதற்கு எதிராக உடம்பில் உருவான ஆன்டிபாடியைப் பார்ப்பது). வீட்டுப் பக்கத்து லேபில் இருந்த பையன், "ரெண்டும் ஒண்ணுதான்க்கா, முதல்ல இது நெகட்டிவ்னா அது வேஸ்ட்" என்றான். காசு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். நெகட்டிவ் என்று வந்ததும் சந்தோஷமாக ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் நீட்டினால் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "டோட்டல் எங்கே?"

திரும்ப லேப், திரும்ப ஊசி. மறுநாள் வந்த ரிப்போர்ட்டை டே கேர் நர்ஸ்தான் விரல் வைத்துக் காட்டினார், அது டோட்டல் இல்லை, ஐஜிஎம் என்ற ஒரு வகை ஆன்டிபாடி மட்டும். ஐஜிஎம் புதிதாகத் தொற்றியதைத்தான் காட்டும், எப்போதோ வந்துபோனது தெரிய டோட்டல் வேண்டும். மூன்றாவது ஊசி. "கையைச் சல்லடை ஆக்கிட்டீங்களேம்மா" என்றார் அப்பா. இந்த முறை பில் போடும்போதே 'டோட்டல்' என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ரிசல்ட் பாசிட்டிவ். எனக்குக் காமாலையே வந்ததில்லை என்று அப்பா சாதித்தார். அம்மாதான், "கல்யாணமான புதுசுல ஒரு மாசம் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேனே, மறந்துபோச்சா?" என்றார். அதே காமாலைதானா, யார் கண்டது. ஆனால் உடம்பு சரியானாலும் இந்த வைரஸ் ஈரலில் படுத்துக்கிடக்கும். ஆர்-சாப்பில் உள்ள ரிட்டுக்ஸிமாப், நோய் எதிர்ப்புக்கான பி செல்களைத் துடைத்தெடுக்கும்போது காவல் போய்விடுகிறது, வைரஸ் எழுந்துகொள்கிறது, ஈரல் செயலிழக்கும் அளவுக்குக்கூடப் போகலாம். 2013-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போடும் கடுமையான எச்சரிக்கைகளில் ஏற்றிவிட்டது. லேப் பையன் 'வேஸ்ட்' என்றது இதைத்தான்.

அப்படியானால் கட்டிக்கே இந்த வைரஸ்தான் காரணமா என்று கேட்டேன். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு பி செல் லிம்போமா வாய்ப்பு சற்று அதிகம், ஆனால் ஒரு ஆளைக் காட்டி இதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஹெபடைடிஸ் சி-யோடு வரும் சில மார்ஜினல் ஸோன் லிம்போமாக்கள் (மெதுவாக வளரும் இன்னொரு வகை) வைரஸுக்கு மருந்து கொடுத்தாலே சுருங்குமாம். கட்டியில் எப்ஸ்டீன்-பார் என்ற வேறொரு வைரஸ் இருந்தால், அதுவும் வயதானவர்களுக்கு, நோய் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதைப் பார்க்கும் ஈபர் டெஸ்டுக்கு பயாப்ஸியின் பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்த சதைத் துண்டு) வேண்டும், அதை வாங்க ஒரு தனி அலைச்சல். நல்லவேளை, நெகட்டிவ்.

அப்பாவின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரல் லோட் (வைரஸின் அளவு) எதுவும் தென்படவில்லை. வைரஸ் எழாமல் தடுக்கும் என்டெகாவிர் மாத்திரை ஆரம்பித்து, கீமோவும் தொடங்கியது. ஒரே வில்லங்கம், கீமோவோடு தரும் ஸ்டீராய்டு மாத்திரை ப்ரெட்னிசோலோன் சாப்பாட்டுக்குப் பிறகு, என்டெகாவிரோ வெறும் வயிற்றில், முன்னும் பின்னும் 2 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது.

ஆறாவது சுற்று முடிந்ததும் எங்கள் தெரு டாக்டர், என்டெகாவிரைப் பார்த்து, "அதான் கீமோ முடிஞ்சுதே, இது எதுக்கு?" என்றார். நிறுத்தியே இருப்பேன், எதற்கும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். கடைசி ரிட்டுக்ஸிமாபுக்குப் பிறகு குறைந்தது ஒரு வருடம், அதுவரை மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று திட்டாத குறைதான்.

இப்போது எட்டாவது மாதம். 5 மணிக்கு மாத்திரை, அப்புறம் 7 மணி வரை அப்பா அடுப்படி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், காபிக்காக.