ஓர் அட்டை மாத்திரை

ஊரடங்கு நாட்களில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். தேதி, வெளியே கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், காரணம் என்று நான்கு பத்திகள். வீட்டில் யாருக்காவது தொற்று வந்தால் எங்கே ஒட்டிக்கொண்டது என்று தேட உதவுமே என்றுதான் ஆரம்பித்தேன். அந்த வேலைக்கு அது பயன்படவில்லை, நல்ல வேளை. இப்போது புரட்டிப் பார்த்தால் நான்காவது பத்தியைப் படிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது 2020 மார்ச் 11 அன்று. அதையொட்டிப் பல நாடுகள் அடுத்தடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டன. எங்களுக்கும் உத்தரவு வந்தது. செய்தியைக் கேட்ட அரை மணி நேரத்தில் நான் கடைவாசலில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் இரண்டு வாரத்துக்குத் தேவையானது இருந்தது. அம்மாவும் அதைத்தான் சொன்னார். காதில் ஏறவில்லை. தெருவில் இத்தனை பேர் ஓடும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பதா? கூட்டம் கூடக் கூடாது என்று போட்ட உத்தரவு, அந்த மாதத்தில் நான் பார்த்த மிகப் பெரிய கூட்டத்தைக் கூட்டிவிட்டது. தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றோம்.

மற்ற இடங்களிலும் இதே கதைதான். மார்ச் 7 இரவு இத்தாலியில் வடபகுதியை அடைக்கப்போகும் ஆணையின் வரைவு கசிந்தது. மிலான் ரயில் நிலையத்தில் தெற்கே போகும் ரயில்களைப் பிடிக்க மக்கள் பெட்டியும் கையுமாக ஓடினார்கள். வூஹானில் ஜனவரி 23 அதிகாலை 2 மணிவாக்கில் அறிவிப்பு, காலை 10 மணிக்கு அமல். நடுவில் எட்டு மணி நேரம். அந்த இடைவெளியைப் பயன்படுத்தி வெளியேறியவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்த அரை மணி நேரத்து ஆள்தானே.

முதல் இரண்டு வாரம் குறிப்பேட்டில் அநேகமாக எல்லாப் பக்கமும் காலி. அச்சம் ஒரு காரணம். விதி எளிமையாக இருந்தது இன்னொரு காரணம்: வெளியே வராதே, அவ்வளவுதான். அதைவிட முக்கியம், முடியும் தேதி தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளையும் பேனாவால் அடித்துக்கொண்டு வந்தேன். கடைசி நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நீட்டித்துவிட்டார்கள்.

அன்று உள்ளே ஏதோ தளர்ந்தது. நீட்டிப்பு தேவைதான் என்று நாலு பேரிடம் நானே வாதாடினேன். ஆனால் கால் கேட்கவில்லை. இத்தாலியில் 2020 மார்ச்சில் நடந்த ஒரு கருத்தாய்வைப் பிறகு படித்தபோதுதான் இது என் ஒருவனுடைய கோளாறு இல்லை என்று புரிந்தது. எதிர்பார்த்ததைவிட நீண்ட நீட்டிப்பு வந்தால், இன்னும் கட்டுப்பாடாக இருக்க மக்களுக்கு மனம் குறைகிறதாம். நாட்களின் எண்ணிக்கையைவிட ஏமாற்றம்தான் ஆளைக் கெடுக்கிறது.

இனி அட்டை விஷயம். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை நாளுக்கு இரண்டு. ஓர் அட்டையில் பத்து. ஐந்து நாளைக்கு வரும். மாதத்துக்கு ஆறு அட்டையை மொத்தமாக வாங்குவதுதான் எங்கள் வழக்கம். மருந்து வாங்க வெளியே போகலாம் என்று உத்தரவில் இருந்தது. நீட்டிப்புக்குப் பிறகு நான் ஒவ்வோர் அட்டையாக வாங்க ஆரம்பித்தேன். கடையில் தட்டுப்பாடு என்று அம்மாவிடம் சொன்னேன். பொய். ஐந்து நாளுக்கு ஒருமுறை வெளியே போக எனக்கு முறையான காரணம் வேண்டியிருந்தது, அதை நானே துண்டு போட்டு உண்டாக்கிக்கொண்டேன். காவலர் நிறுத்தினால் மருந்துச் சீட்டை நீட்டுவேன். மடித்து மடித்து அது நான்கு துண்டாகப் பிரியும் நிலைக்கு வந்து, பின்பக்கம் பசைநாடா ஒட்டினேன். குறிப்பேட்டில் "மருந்து" என்று எழுதும்போது கை தயங்கவில்லை. சொன்னது உண்மைதானே! திரும்பிய நேரம்தான் காட்டிக்கொடுக்கிறது: பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம்.

விதியை நான் ஒருநாளும் மீறவில்லை என்பதுதான் வேடிக்கை. அனுமதித்த வாசல் எவ்வளவு சிறியதோ, அதற்கேற்ப என் தேவையைச் செதுக்கிக்கொண்டேன்.

கூட்டத்தைக் குறைக்கக் கடை நேரத்தைப் பாதியாக்கினார்கள். நாள் முழுக்கச் சிதறி வந்தவர்கள் அந்தப் பாதிக்குள் வந்து நெருங்கினார்கள், வரிசை இரட்டிப்பானது. இதை யோசித்தவர் ஒருநாளாவது வரிசையில் நின்றிருப்பாரா தெரியவில்லை. உருப்படியாக வேலை செய்தது தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டம்தான். யாரும் விளக்கம் சொல்லாமலே அவரவர் அதற்குள் நின்றார்கள். மழையில் அழிந்த பிறகும் வட்டம் இருந்த இடத்திலேயே நின்றோம்.

தளர்வு வந்த முதல் நாள் வெள்ளம்போல வெளியே பாய்வேன் என்று நினைத்திருந்தேன். அன்று குறிப்பேட்டில் ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. தெருவிலும் ஆள் குறைவு. அமெரிக்காவில் இரு பொருளாதார ஆய்வாளர்கள் கைப்பேசித் தரவுகளை வைத்து, எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வெவ்வேறு விதி இருந்த இடங்களை ஒப்பிட்டார்கள். கடைகளுக்கு வருவோர் 60 சதவீதம் குறைந்ததில், சட்டக் கட்டுப்பாட்டின் பங்கு 7 சதவீதப் புள்ளிகள் மட்டுமே. மீதியில் பெரும்பகுதி மக்கள் தாங்களாகவே அஞ்சி ஒதுங்கியது. உத்தரவு வருவதற்கு முன்பே பலர் வீட்டுக்குள் போயிருந்தார்கள். உத்தரவு போன பின்னும் உடனே வெளியே வரவில்லை. என் குறிப்பேட்டின் காலிப் பக்கங்களும் அதையே சொல்கின்றன. பூட்டியிருந்தபோது ஒரு மணி நேரம் திருடியவன், திறந்துவிட்டபோது திண்ணையைத் தாண்டவில்லை.

நான்காம் நாள் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சீட்டைக் கேட்காமலே ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஆறு கொடுங்கள்" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் எடுத்து வந்தார். அவரிடம் தட்டுப்பாடு எப்போதுமே இருந்ததில்லை. என்னுடன் அன்று அம்மாவும் வந்திருந்தார்.