கதவுக்கு வெளியே நின்றவர்கள்

கோயில் திருவிழா கபடிக்கு நான் கட்டிக்கொடுத்த கேலரியில் இடம் இருந்தது. அதை அன்றைக்கும் நான் மறுக்கவில்லை, இப்போதும் மறுக்கப் போவதில்லை. மேல் வரிசைகள் காலி. தகரக் கதவுக்கு வெளியே நின்றவர்களுக்குக்கூட சாரக் குழாய்களின் இடுக்கு வழியாக அது தெரிந்தது. அதுதான் வம்பே. நிரம்பி வழிகிற கேலரிக்குக் கதவைச் சாத்தினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

1,800 பேர் உட்காரலாம் என்று கமிட்டிக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்கள். பலகையை அளந்து போட்ட கணக்கு அது. தப்பில்லை, உட்காரலாம். ஆனால் நான் படிக்கட்டை அளந்தேன். இரண்டு படிக்கட்டு, ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் அகலம். ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு 66 பேர் இறங்கலாம், எல்லோரும் 8 நிமிடத்துக்குள் வெளியேறிவிட வேண்டும் என்பது இங்கிலாந்தில் மைதானப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் ‘கிரீன் கைடு’ கணக்கு. கிளாஸ்கோவில் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் 1971-ல் 66 பேர் நசுங்கிச் செத்த பிறகு வந்த கையேடு அது. பெருக்கிப் பார்த்தால் நம்ம கேலரிக்கு 1,267 வருகிறது. நான் 1,250 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கமிட்டிப் பையன் ஒருத்தன் சிரித்தான். “அண்ணே, ஏதாச்சும்னா நம்ம ஆளுக மேலருந்தே குதிச்சு ஓடிருவாய்ங்க.” குதிப்பார்கள்தான். அவனோடு வந்த அப்பத்தா குதிக்குமா?

ஆள் எண்ணும் கிளிக்கர் வைத்திருந்த பையன் 1,250 என்றதும் கதவைச் சாத்தச் சொன்னேன். அப்போது இரண்டாவது அரையிறுதி பாதி முடிந்திருந்தது. ஃபைனலுக்கென்றே ஜனம் வந்துகொண்டிருந்தது. தகரத்தைத் தட்டுகிற சத்தம் முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தாளம் போய்விட்டது. தட்டுவது நின்று, தள்ளுவது ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் வயிற்றில் தெரியும்.

அப்போதுதான் ஊர்ப் பெரியவர் வந்தார். போட்டி நடக்கிற பொட்டல் அவர் குடும்பத்து இடம். வருஷா வருஷம் கோயில் திருவிழா கபடிக்கு வாடகை வாங்காமல் விடுகிறவர். கோபமாக வரவில்லை. தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “தம்பி, கதவைத் தெறந்துவிடுங்க. வந்தவகளை வாசல்ல நிப்பாட்டுற ஊரு இல்ல இது” என்றார்.

“ஐயா, படிக்கட்டு தாங்காது. கணக்குப் போட்டுத்தான் சாத்தியிருக்கேன்.”

“உள்ள இருக்கவகளுக்குக் கணக்குப் போட்டீக, சரி. வெளியில நிக்கிறவகளுக்கு யாரு கணக்குப் போட்டா?”

நான் என்ன சொன்னேன் என்பது சரியாக ஞாபகம் இருக்கிறது. “அது போலீஸ் பாத்துக்குவாங்க ஐயா.” அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கதவு திறக்கவில்லை. ஃபைனல் முடிந்தது, உள்ளே இருந்தவர்கள் ஒழுங்காக இறங்கிப் போனார்கள். ஆனால் வெளியே நின்ற கூட்டம் பொட்டலைச் சுற்றிப் பரவியது. கண்மாய்க் கரையில் கொஞ்சம் பேர், டிராக்டர் மேலே கொஞ்சம் பேர். தெற்கே பூட்டிக் கிடக்கிற ஒரு செட்டியார் வீட்டுச் சுற்றுச்சுவரில் ஏழெட்டுப் பையன்கள். இந்த வட்டகையில் அப்படி வீடுகளுக்குப் பஞ்சமா? உரிமைக்காரர்கள் விசேஷத்துக்கு வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார்கள், சுவர் பாட்டுக்கு மழையில் ஊறும். சுவரின் ஒரு துண்டு சரிந்தது. கல்லூரியில் படிக்கிற பையன் ஒருத்தனுக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு. அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை.

திறந்திருந்தால்? திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கிறேன். எனக்குச் சாதகமாக ஒரு உதாரணம் உண்டு. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். வாசலில் நெரிசல் தாங்காமல் போலீஸே வெளியேறும் கதவு ஒன்றைத் திறக்கச் சொன்னது. உள்ளே வந்த கூட்டம் சுரங்க வழியாக, ஏற்கெனவே நிரம்பியிருந்த அடைப்புகளுக்குள் போய் விழுந்தது. செத்தவர்கள் 97 பேர். வாசலில் இருப்பவர்களைக் காப்பாற்றத்தான் கதவைத் திறந்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

பெரியவருக்குச் சாதகமாகவும் ஒன்று இருக்கிறது, அதுவும் நம் பக்கத்திலேயே. 2025 ஜூன் 4, பெங்களூர் சின்னசாமி மைதானம். வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்து நெரிசலில் செத்த 11 பேரும் கேலரி சரிந்து சாகவில்லை. வாசல்களுக்கு வெளியே செத்தார்கள். உள்ளே எத்தனை இருக்கை என்பது அவர்களுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

ஆக, திறந்தாலும் சாவு உண்டு, சாத்தினாலும் உண்டு. இரண்டையும் படித்து வைத்திருந்த நான் அன்றைக்கு எதை வைத்து முடிவெடுத்தேன்? கணக்கை வைத்து என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பாதி உண்மை. மீதி என்னவென்றால், கேலரி விழுந்தால் காகிதத்தில் இருப்பது என் கையெழுத்து. கதவுக்கு வெளியே விழுகிற சுவரில் என் கையெழுத்து இல்லை. கதவைச் சாத்தும்போது இதை நினைத்தேனா என்று கேட்டால், நினைக்கவில்லை. நினைக்கத் தேவைப்படாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது என்றும் சொல்லலாம்.

சரி, என் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். சாரக் குழாயில் கட்டிய தற்காலிகக் கேலரி அது. சவுக்குக் கம்பும் கயிறும் வைத்துக் கட்டிய காலத்தைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் தற்காலிகம்தான். 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் ஜூனியர் தேசியக் கபடிப் போட்டியில் கேலரி சரிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள். எந்தக் கேலரியைக் கட்டி முடித்தாலும் எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வரும். புரோ கபடி 2014-ல் வந்த பிறகு எல்லா ஊருக்கும் மேட் வேண்டும், ஃப்ளட் லைட் வேண்டும், வீரர்கள் புகைக்கு நடுவே ஓடிவர வேண்டும். படிக்கட்டை அகலமாக்க மட்டும் காசு இல்லை என்பார்கள்.

தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. கட்டுமாடுகளை வயல்வெளியிலேயே அவிழ்த்துவிடுவார்கள். வந்தவர்கள் அவரவர் பாட்டுக்கு ஓர் இடம் பார்த்து நிற்பார்கள். அங்கே யார் கதவு போட்டது என்று பெரியவர் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். அங்கே வேடிக்கை பார்க்கப் போனவர்களே மாடு முட்டிச் செத்திருக்கிறார்கள் என்று நானும் பதிலுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. கதவு வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. கதவு போட்டவன், வெளியே நிற்பவர்களையும் சேர்த்து எண்ண வேண்டாமா என்றார்.

தொழிலுக்குள்ளேயே இதற்குப் பதில் இருக்கிறது, அதுதான் எரிச்சல். நிரந்தர அரங்கம் கட்டுகிறவர்கள் இருக்கைக்கு மட்டுமல்ல, வெளியே உள்ள காலி இடத்துக்கும் செலவழிப்பார்கள். அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஜல்லிக்கட்டு அரங்கம் திறந்தார்களே, அந்த வளாகம் 66 ஏக்கர். அதில் உட்காரும் இடம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் வண்டி நிறுத்த, மாடு நிற்க, ஜனம் வந்து பிரிந்து போக. எங்கள் கமிட்டிப் பையன்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “அது மாதிரி செட்டு போடணும்ணே” என்றார்கள். அவர்கள் பார்த்தது கேலரியை மட்டும்.

அடுத்த வருஷத்துக்கு மதிப்பீடு கொடுக்கும்போது படிக்கட்டை 2 மீட்டர் ஆக்கினேன். அப்புறம் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: பொட்டலின் மேற்கே தடுப்பு கட்டி, எல்இடி திரை வைத்து, அங்கேயும் கிளிக்கரோடு ஆள் நிறுத்துவது. இதிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. திரை வைத்தால், ‘இடம் கிடைக்காவிட்டாலும் திரையில் பார்க்கலாம்’ என்று இன்னும் ஆயிரம் பேர் வரக்கூடும். வெளியே நிற்பவர்களுக்கு இடம் செய்யப்போய், வெளியே நிற்கிற கூட்டத்தை நானே வரவழைத்த மாதிரி ஆகும்.

கமிட்டி படிக்கட்டுக்கு உடனே ஒத்துக்கொண்டது. இனி 1,800 பேரையும் ஏற்றலாம் அல்லவா? திரை வரியைப் பேனாவால் அடித்துவிட்டார்கள். வெளியே போலீஸ் பார்த்துக்கொள்வார்கள் என்றார் பொருளாளர், நான் பெரியவரிடம் சொன்ன அதே தொனியில். அந்த வரி இல்லாமலே வந்த காகிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். பெரியவரிடம் இன்னும் சொல்லவில்லை.