ரெகுலேட்டரில் கை வைக்காதீங்க

கடலூரில் வெயில் ஏறும் மாதங்களில் முந்திரித் தோப்பில் வேலை செய்தவர்கள், துறைமுகத்தில் மீன் இறக்கியவர்கள் என்று பலர் கை கால் ஓய்ந்துபோய் வார்டுக்கு வருவார்கள். எல்லாருக்கும் கோரிக்கை ஒன்றுதான். "சிஸ்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க." ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொடுத்தால் முகம் வாடிப்போகும். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லிக்கு மேல் தேறாது. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி பாட்டில்கள் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே உயிர்களைக் காப்பாற்றினார். இதைச் சொன்னாலும் சிலர் ஊசி போட்டால்தான் நம்புவார்கள்.

பாட்டில் உயிர் காக்கும் நேரங்களும் உண்டு. டெங்குவில் காய்ச்சல் விட்டதும் வீட்டார் நிம்மதியாவார்கள், எங்களுக்கு அப்போதுதான் பயம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் கட்டம் அது. குறைவாக ஏற்றினால் பிரஷர் விழும், கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும். அதனால் டாக்டர் பி.சி.வி.யை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை, பார்த்துப் பார்த்து அளவை மாற்றுவார். 60 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு மணிக்கு 5 மி.லி. என்று எழுதினால், 20 சொட்டு ஒரு மி.லி. ஆகும் குழாய் செட்டில் நிமிடத்துக்கு 100 சொட்டு. 3 மி.லி. ஆக்கினால் 60. குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் திருகி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன்.

திரும்பி வந்தால் சொட்டு தாரையாக ஓடும்! "சீக்கிரம் முடிஞ்சா கடைசி பஸ்ஸைப் பிடிச்சிடலாம்னு நான்தாம்மா திருகிவிட்டேன்" என்பார் கூட இருப்பவர். இதயம் பலவீனமான பெரியவருக்கு இப்படி ஓடினால் மூச்சுத்திணறலில் போய் நிற்கும். ஆனால் அதே ஆள், குழாயில் குண்டூசித் தலையளவு காற்றுக்குமிழியைக் கண்டால் வார்டே அதிரக் கத்துவார். அந்தச் சின்னக் குமிழியால் பொதுவாக ஒன்றும் ஆகாது. பாட்டில் காலியாகி, ரத்தம் கொஞ்சம் குழாயில் ஏறினாலும் அப்படித்தான்; கூப்பிட்டால் போதும்.

திட்டிப் பயனில்லை என்று இப்போது வேறு வழி பிடித்திருக்கிறேன். பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி, எத்தனை மணிக்கு எந்தக் கோடு என்று எழுதிவிடுவேன். "அண்ணே, பன்னெண்டு மணிக்குத் தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழே போயிருந்தா கூப்பிடணும், உங்க பொறுப்பு." வேலை கொடுத்துவிட்டால் கை ரெகுலேட்டருக்குப் போவதில்லை. என்ன, சிலர் பதினொன்றரைக்கே வந்து, "சிஸ்டர், கோடு நெருங்குது" என்று நிற்கிறார்கள். அது பரவாயில்லை.