பீளமேட்டு வரி விளம்பரங்கள் சொல்லாமல் விடுபவை

கோவை அவிநாசி சாலையில் பீளமேட்டைச் சுற்றியுள்ள சில கிலோமீட்டருக்குள் 1947-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரி, 1951-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956-இல் தொடங்கிய கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியான சி.ஐ.டி., 1963-இல் தொடங்கிய கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி ஆகியவை அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. மருத்துவக் கல்லூரியும் வேறு பல கல்வி நிறுவனங்களும் இவற்றுக்கு இடையிலேயே இருக்கின்றன. இங்குப் படிக்க வரும் வெளியூர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் கல்லூரி விடுதியில் இடம் கிடைப்பதில்லை. அப்படிக் கிடைக்காதவர்கள் மசக்காளிபாளையத்திலும் ஆவாரம்பாளையத்திலும் காளப்பட்டிச் சாலையிலும் அறை தேடுகிறார்கள். அந்தத் தேடலுக்கு அவர்கள் நம்பியிருப்பது மின்கம்பத்திலும், ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியிலும், மெஸ் வாசலிலும், கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டிருக்கும் சிறு சிறு விளம்பரங்களைத்தான். பொது இடங்களில் இவ்வாறு ஒட்டுவதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால், அந்தச் சட்டத்துக்குப் பிறகு வந்த பல தலைமுறை மாணவர்கள் இந்த ஒட்டுத்தாள்களைப் படித்துத்தான் தங்குவதற்கு இடம் பிடித்திருக்கிறார்கள்.

இப்பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருக்கும் நான், மாணவர் அறிவிப்புப் பலகையையும் கவனித்து வருகிறேன். வாடகை, வேலை, சேவை என்று அங்கே வரும் விளம்பரங்களை இத்தனை காலம் படித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். விளம்பரம் எதைச் சொல்லாமல் விடுகிறதோ, அதற்கான செலவு எப்போதும் படிக்க வந்த பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. பதினெட்டு வயதில், முதன்முறையாக வீட்டைவிட்டு வந்து, நாளை மறுநாள் வகுப்பு தொடங்கப்போகிறது என்ற அவசரத்தில் நிற்பவருக்குப் பேரம் பேசத் தெம்பு இருக்காது. நாளிதழின் வரி விளம்பரத்தில் இடத்தைப் பொறுத்துக் காசு என்பதால், சொற்களைச் சுருக்குவதை ஒப்புக்கொள்ளலாம். காசே வாங்காத கல்லூரிப் பலகையிலும் அதே சிக்கனம் தொடர்வதை எப்படி ஒப்புக்கொள்வது?

வழக்கமான விளம்பரம் ஒன்றைப் பாருங்கள்: “ஹோப் காலேஜ் பஸ் ஸ்டாப் அருகில், ஒரு பெட்ரூம் வீடு, நல்ல தண்ணீர் வசதி, ஈ.பி. தனி, அட்வான்ஸ் நேரில்.” இதில் இடத்தின் பெயர்கூடப் புதிதாக வருபவரைக் குழப்பக்கூடியது. 1945-இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் தொடங்கப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரி, பின்னாளில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகித் தடாகம் சாலைக்குப் போய்விட்டது. பேருந்து நிறுத்தத்தில் பெயர் மட்டும் தங்கிவிட்டதால், ஹோப் காலேஜில் ஹோப் காலேஜைத் தேடி அலையும் பெற்றோர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். “அருகில்” என்பது எவ்வளவு தூரம் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. ஐந்து நிமிட நடையும் அருகில்தான், இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய விளாங்குறிச்சியும் அருகில்தான்.

“நல்ல தண்ணீர்” என்பது கோவைக்காரர்களுக்கு உடனே புரியும். குடிநீர் நல்ல தண்ணீர், ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புத் தண்ணீர். ஆனால், குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் வருகிறது, வரும் நேரத்தில் பிடித்துவைக்கத் தொட்டி இருக்கிறதா என்பதைச் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்குப் பயன் உண்டு. காலை எட்டரைக்கு வகுப்புக்குப் போகும் நான்கு மாணவர்கள் தங்கும் வீட்டில், பத்து மணிக்குத் தண்ணீர் விட்டால் யார் பிடிப்பது?

மின்கட்டணம் இதைவிடப் பெரிய விஷயம். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் படிப்படியாகத்தான் கட்டணம் ஏறும். ஆனால், ஒரே இணைப்பிலிருந்து மாடி அறைகளுக்கெல்லாம் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே விலை நிர்ணயிக்கும் வீடுகளில், மாணவர் எரிக்கும் முதல் யூனிட்டுக்கே முழு விலை. மாதக் கடைசியில் வாடகையோடு சேர்த்து வரும் அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான் “ஈ.பி. தனி” என்ற இரண்டு சொற்களின் எடை தெரிகிறது. வீட்டுக்காரரிடம் தனி இணைப்பா, துணை மீட்டரா, யூனிட் என்ன விலை என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்று மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது “அட்வான்ஸ் நேரில்” என்ற பகுதிதான். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அது வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்படவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் பாதுகாப்புத் தொகை கேட்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தரவேண்டிய பாக்கி போக மீதியைத் திருப்பித் தரவேண்டும். இவ்வளவு தெளிவாகச் சட்டம் இருந்தும், மாணவர்களுக்கு விடும் பல வீடுகளில் இன்றும் எல்லாம் வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. மே மாதத்தில் காலி செய்யும்போது, பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை, குழாய் மாற்ற இவ்வளவு, சுவரில் ஆணி அடித்ததற்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மீதியை “அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்” என்கிறார்கள். அடுத்த ஆள் வரும்போது பழைய ஆள் பெங்களூரிலோ சென்னையிலோ வேலைக்குச் சேர்ந்திருப்பார். சில ஆயிரம் ரூபாய்க்காக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நிற்க முடியாது என்று விட்டுவிடுவார். நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் ஒருவர் பெயரில் மட்டும் பேச்சு நடந்திருந்தால், அந்த ஒருவர் மற்ற மூவருக்கும் கடன்பட்டவராகி நட்பும் கெட்டுப்போகிறது.

பெண்களுக்கான தனியார் விடுதிகளின் நிலைமை வேறு. மகளிர், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்த 2014-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. அதன்படி உரிமம் பெறாமல் இத்தகைய விடுதியை நடத்தக்கூடாது. அப்படியானால் விளம்பரத்தில் உரிமம் இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி சேர்ப்பதில் என்ன சிரமம்? ஏ.சி., வைஃபை, வாஷிங் மெஷின், வீட்டுச் சாப்பாடு என்று நீளும் பட்டியலில் அந்த ஒரு வரியை நான் ஏறக்குறையப் பார்த்ததே இல்லை. “ஜிஎஸ்டி தனி” என்று மட்டும் சில இடங்களில் போடுகிறார்கள். ஆள் ஒன்றுக்கு மாதம் 20,000 ரூபாய் வரை கட்டணம் உள்ள, தொடர்ந்து 90 நாட்களாவது தங்கும் விடுதி வசதிக்கு 2024-இல் வரிவிலக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது. பீளமேட்டு மாணவர் விடுதிகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள்தான் வரும்.

தாளில் எழுதப்படாமல் தொலைபேசியில் மட்டும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “தம்பி, நீங்க என்ன ஆளுங்க?” என்பதுதான் அது. இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதும் “இப்பத்தான் வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டமுங்க” என்று அழைப்பு துண்டிக்கப்படுவதை மாணவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். “சைவம் மட்டும்” என்று போடுபவர்களில் உண்மையாகவே தம் சமையலறைப் பழக்கத்துக்காகப் போடுபவர்களும் உண்டு. சாதியையும் மதத்தையும் கேட்காமலே வடிகட்டுவதற்காகப் போடுபவர்களும் உண்டு. வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு நிறத்தைப் பார்த்தே கதவு சாத்தப்படுகிறது. வீடு அவர்களுடையது, யாருக்குக் கொடுப்பது என்பது அவர்கள் விருப்பம் என்று சக ஆசிரியர்களே என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. கல்லூரியின் பெயரால், கல்லூரியின் பலகையில், கல்லூரி சேர்த்துக்கொண்ட பிள்ளைகளில் சிலரை மட்டும் விலக்கும் அறிவிப்பை ஒட்ட அனுமதிப்பது கல்லூரியே அவர்களை விலக்குவதற்குச் சமம். அத்தகைய தாள்களை நான் ஒட்டவிடுவதில்லை.

வேலை விளம்பரங்களில் நேர்மையானவை பெரும்பாலும் எளிமையாகவே இருக்கும். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் கேட்டரிங் வேலை, எட்டாம் வகுப்புப் பையனுக்கு மாலையில் கணக்கு டியூஷன், துணிக்கடையில் தீபாவளிக் காலத்துக் கூடுதல் ஆள், மருந்துக்கடையில் இரவு நேரக் கணக்கு ஆகியவற்றுக்கெல்லாம் இடம், நேரம், கூலி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியும். கேட்டரிங் வேலைக்குப் போகும் மாணவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட்டோடு அதிகாலையில் போய், பந்தி முடிந்ததும் கையில் காசோடு திரும்பி, அதில் தேர்வுக் கட்டணம் கட்டியவர்கள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கும்கூட விளம்பரம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. நள்ளிரவில் வேலை முடிந்தால் திரும்பி வர வண்டி உண்டா என்பதுதான் அது.

எந்த விளம்பரத்தில் நிறுவனத்தின் முகவரி இல்லாமல் வருமானம் மட்டும் பெரிதாக இருக்கிறதோ, அங்கே எச்சரிக்கையாக இருக்கவேண்டும். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்பவர்கள் பழையவர்கள். இப்போது டெலிகிராம் குழுவில் சேர்த்து, இணையத்தில் ஓட்டல்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லி, முதலில் சில நூறு ரூபாயை உண்மையாகவே அனுப்பி நம்பவைத்து, பிறகு “அடுத்த கட்டத்துக்கு” ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்லிப் பிடுங்குகிறார்கள். அதைவிட ஆபத்தானது, வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்கும் விளம்பரம். பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் கொடுத்தால் மாதம் ஒரு தொகை என்று சொல்லுவார்கள். அந்தக் கணக்கு வழியாக யாரோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணம் பாயும்போது, காவல்துறையின் விசாரணை முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அந்த மாணவரின் வீட்டு வாசலில்தான். இறுதியாண்டு மாணவர்களுக்குக் கம்போடியா, மியான்மர் என்று வெளிநாட்டு வேலை காட்டி, அங்கே இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கொடுமை தமிழ்நாட்டு இளைஞர்களுக்கும் நடந்திருக்கிறது. பணம் பறிபோனதும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்தால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு என்பதைப் பலகையின் மேல்பகுதியில் நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறோம். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை என்பதையும் அதனடியில் எழுதியிருக்கிறோம்.

சேவை விளம்பரங்களில் ஸ்பைரல் பைண்டிங், டைப்பிங், மெஸ் டோக்கன், துணி துவைத்தல் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. “பிராஜெக்ட் செய்து தரப்படும்” என்பதைத்தான் நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். உதிரிபாகங்களை வாங்கிப் பொருத்தக் கற்றுக்கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால், அறிக்கை உட்பட எல்லாவற்றையும் முடித்துக் கையில் தருவோம் என்று அழைப்பவர்கள், பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் கொண்டுவந்த பிறகும் குறையவில்லை. ஒரே அறிக்கை வெவ்வேறு கல்லூரிகளில் வெவ்வேறு பெயர்களில் சமர்ப்பிக்கப்படுவதும் அதனால்தான்.

இந்தப் பலகையில் எனக்கு மனதுக்கு நிறைவு தருவது மே மாதம்தான். படிப்பை முடித்துப் போகிறவர்கள் பொறியியல் படம் வரைய உதவும் டிராஃப்டர், ஆய்வக அங்கி, சயின்டிஃபிக் கால்குலேட்டர், மேசை, கட்டில், சைக்கிள், அரியர் தேர்வுக்கு வாங்கிய புத்தகங்கள் என்று எழுதி ஒட்டுகிறார்கள். “டிராஃப்டர், ஒரு பக்கத்துத் திருகு தளர்வு, 150 ரூபாய், முதல் பட்டதாரிக் குடும்பம் என்றால் இலவசம்” என்ற வகையில் எழுதப்பட்ட தாள்கள் அங்கே உண்டு. பொருளின் குறையை முதலிலேயே சொல்லி, விலையை முழுதாகச் சொல்லி, யாருக்கு முன்னுரிமை என்பதையும் காரணத்தோடு சொல்லும் நேர்மை இருபத்தொரு வயதில் அவர்களுக்கு இயல்பாக வருகிறது என்றால், வீடும் விடுதியும் வைத்து நடத்தும் பெரியவர்களிடம் அதை எதிர்பார்ப்பதில் தவறில்லை.

எங்கள் பலகைக்கு இப்போது ஒரு படிவம் வைத்திருக்கிறோம். வாடகை விளம்பரம் தருபவர் மாதச் செலவு முழுவதையும், அட்வான்ஸையும், மின்சாரத்துக்கு யூனிட் விலையையும், தண்ணீர் வரும் நேரத்தையும், எழுத்து ஒப்பந்தம் உண்டா என்பதையும் நிரப்பினால்தான் தாள் ஏறும். மாணவிகளின் தொலைபேசி எண் பலகையில் வெளியிடப்படாது. அலுவலகப் பதிவேட்டில் இருக்கும் எண்ணைத் தேவைப்படுபவர் அடையாளம் காட்டிப் பெற்றுக்கொள்ளவேண்டும். முப்பது நாளான தாள் கழற்றப்படும். படிவத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிய வீட்டுக்காரர்கள் உண்டு. நிரப்பித் தந்தவர்கள் ஆண்டுதோறும் எங்களிடமே வருகிறார்கள், அவர்களுடைய அறைகள் முதல் வாரத்திலேயே நிரம்பிவிடுகின்றன. காலி செய்யும்போது என்னென்ன பிடித்தம் செய்யப்படும் என்ற கேள்வியையும் படிவத்தில் சேர்க்கவேண்டும் என்றும், பொறியியல் கலந்தாய்வு முடிந்து முதலாண்டு மாணவர்கள் வரத் தொடங்கும் முன் அக்கம்பக்கக் கல்லூரிகளும் இதே படிவத்தைப் பயன்படுத்தும்படி கேட்கவேண்டும் என்றும் முதல்வரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.