லார்ச் பார்க்கப் போகும் புதுச்சேரிக் குழுவுக்கு
ஊசியிலை மரமானாலும் லார்ச் குளிருக்கு முன் பொன்மஞ்சளாகி இலை முழுதும் உதிர்த்துவிடும். கிழக்கு இமயத்தில் அது அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம். இங்கே அப்போது வடகிழக்குப் பருவமழை; புயலில் விமானம் தவறலாம், ஒரு நாள் கூடுதலாக வையுங்கள்.

கடல்மட்டத்தில் வாழும் நமக்கு உயரம்தான் பெரிய சிக்கல். 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் இடத்தை இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறவே கூடாது. நடை தள்ளாடினால் நள்ளிரவானாலும் கீழே இறக்குங்கள்.

கேஸ் அடுப்புக்கான கேனில் வெறும் பியூட்டேன் வாயு இருந்தால், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அது சரியாக ஆவியாகாது, அடுப்பு ஒழுங்காக எரியாது. ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த கேன் வேண்டும். விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், போய் இறங்கியதும் வாங்குங்கள். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் காற்றுவழியை அடைத்தால் மூச்சின் ஈரம் உள்ளே படிந்து தூக்கப்பை நனைந்துவிடும்.