டர்பன் நாட்குறிப்பு: ஓர் ஆவணப்படம் உருவாகும்போது

8 ஜூலை 2024, ஃபீனிக்ஸ்

முதல் நாள். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை, தெருத்தெருவாக நடந்தேன். வாசலில் கற்பூரத் தட்டு, சிறு முருகன் கோயில், வெளிக்கொடியில் துணிகள். அவற்றின் மீது எங்கோ கரும்பு எரிக்கும் தோட்டத்திலிருந்து வந்த கரித்துகள். அறுவடைக் காலம் இது.

டர்பனுக்கு வடக்கே இந்த ஊரை 1976-ல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு இந்தியர்களுக்கென்று கட்டியது. மேற்கே இனாண்டா, தெற்கே குவாமாஷு. இரண்டிலும் கறுப்பின மக்கள். யார் எங்கே வாழலாம் என்பதை 1950-ல் வந்த ஒரு சட்டம் தோல் நிறத்தைப் பார்த்து முடிவு செய்தது. சட்டம் போய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வரைபடம் அப்படியே இருக்கிறது.

2021-ல் இதே வாரம்தான். முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனதை அடுத்துக் கலவரம் மூண்டது. கடைகள் சூறையாடப்பட்டன, போலீஸ் வரவில்லை. ஃபீனிக்ஸ் ஆண்கள் தெருமுனைகளில் தடுப்பு போட்டுக் காவல் நின்றார்கள். இரண்டு மாகாணங்களில் 354 பேர் இறந்தார்கள். அரசின் கணக்குப்படி ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய கூலிகளின் கதையைத் தமிழில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அழுதும் இருக்கிறேன். 36 பேரின் கதையைத் தமிழில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதனால் வந்தேன்.

11 ஜூலை

82 வயது ஆயா ஒருவரிடம் பேசினேன். தமிழ் அவருக்குத் தேவாரத்தில் நான்கு வரியாகவும், திட்டுவதற்கு ஐந்தாறு சொற்களாகவும் மிஞ்சியிருக்கிறது. மற்றதெல்லாம் ஆங்கிலம். என்னை மட்டும் "தம்பி" என்றார்.

1949 ஜனவரியில் அவருக்கு ஏழு வயது. கேட்டோ மேனரில் குடியிருந்தார்கள். நகரத்தில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஒரு கறுப்பினச் சிறுவனை அடித்ததில் தொடங்கி, தெருவெல்லாம் தீ. 142 பேர் இறந்தார்கள்: 87 ஆப்பிரிக்கர்கள், 50 இந்தியர்கள், மீதி ஐந்து பேர். ஆயாவின் குடும்பத்தை ஒரு கறுப்பின ஜூலு குடும்பம் தன் வீட்டில் ஒளித்து வைத்தது. இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார், கொளுத்தியவர்களையும் காத்தவர்களையும். ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு முதல் பாதி மட்டுமே மனப்பாடம். பக்கத்திலிருந்த பேரனிடம் கேட்டேன். ஒளித்து வைத்த குடும்பத்தைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டானாம்.

இந்த அச்சம் பொய்யில்லை. 2021-ல் ஒரு வாரம் முழுக்க அரசு என்று ஒன்று இங்கே இல்லை. ஆனால் வேலைக்குப் போய்த் திரும்பியவனையும், பெட்ரோல் போட வந்தவனையும் நிறத்தைப் பார்த்து நிறுத்தினார்களே, அதற்கு அந்த அச்சத்தைச் சாட்சியாக அழைக்க என்னால் முடியவில்லை.

14 ஜூலை

தடுப்பில் நின்ற ஒருவர் பேச ஒப்புக்கொண்டார். முகம் தெரியக் கூடாது, பெயர் கூடாது. தான் யாரையும் தொடவில்லை என்றார். யார் தொட்டார்கள் என்று தெரியுமா என்றேன். பதில் இல்லை. "உங்களுக்குக் குற்ற உணர்வு இருக்கிறதா?" என்றேன்.

அவர் மைக்கைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்கள் ஊரில் எல்லோரும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்களா, தம்பி?"

நான் மதுரை மாவட்டத்துக்காரன். உத்தப்புரத்தில் தலித் மக்களைத் தடுத்து 1989-ல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008-ல்தான் இடித்தார்கள். அதை எதிர்த்துச் சாதி இந்துக்கள் ஊரையே காலி செய்துவிட்டு வெளியேறினார்கள். அப்போது எனக்கு 22 வயது. எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர்களுக்காகத்தான் பரிதாபப்பட்டார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், எதுவும் பேசாமல்.

அவரிடம் அதைச் சொன்னேன். கேமரா அணைந்திருந்தது.

19 ஜூலை, இனாண்டா

காந்தி 1904-ல் அமைத்த குடியிருப்பு இங்கேதான். 1985 கலவரத்தில் எரிந்து, பின்னர் மீண்டும் கட்டினார்கள். 1994-ல் மண்டேலா முதன்முதலாக வாக்களித்த பள்ளியும் அருகில்தான். இரண்டையும் படம் பிடித்தேன். படத்தில் வைப்பேனா என்று தெரியவில்லை. இந்தப் பெயர்களைக் காட்டினால் பார்ப்பவர்கள் நிம்மதியடைந்துவிடுவார்கள்.

மாலையில் மகனை இழந்த ஒரு தாயின் வீட்டில் இருந்தோம். ஜூலுவில் பேசினார், உடன் வந்த பெண் மொழிபெயர்த்தார். மகனுடைய வேலைக்காலணியைத் துடைத்து அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறார். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: கடைசியாக அவன் எந்தத் திசையில் நடந்துகொண்டிருந்தான், வீட்டை நோக்கியா? யாரும் சொல்லவில்லையாம்.

2 ஆகஸ்ட்

நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்க அமைத்த, டெஸ்மண்ட் டுட்டு தலைமையேற்ற உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விதிகளை மறுபடி படித்தேன். பொதுமன்னிப்பு கேட்டவர்கள் அரசியல் நோக்கத்தோடு செய்ததை முழுவதுமாக வெளியிட வேண்டும் என்பதே நிபந்தனை. வருந்த வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. முன்பு இது எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிந்தது. இனாண்டாவிலிருந்து வந்த பிறகு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தாய் யாருடைய வருத்தத்தையும் கேட்கவில்லை, திசையைக் கேட்டார். ஃபீனிக்ஸ்காரரிடம் நான் கேட்டிருக்க வேண்டியதும் அதுவே.

தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை.

23 செப்டம்பர், மதுரை

படத்தொகுப்பு. "நாங்கள் பயந்துபோயிருந்தோம்" என்று அவர் சொல்லும் இடத்தை அடுத்து, "என் மகன் பயந்திருப்பான்" என்று தாய் சொல்வதை ஒட்டிப் பார்த்தோம். தொகுப்பாளரின் கண் கலங்கியது. எனக்கும் தொண்டை அடைத்தது. இரவு முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் அதைப் பிரித்தேன். அவர்கள் இருவரும் சந்தித்ததே இல்லை. ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழவில்லை. விழுந்ததுபோல் காட்ட எனக்கு உரிமை இல்லை. மேசையில் வைத்த மைக் பதிவு செய்த அவருடைய கேள்வியையும் என் பதிலையும், அவர் சம்மதித்தால், அப்படியே வைக்கப்போகிறேன். திரை கறுப்பாக இருக்கும்.

5 அக்டோபர்

சம்மதித்துக் கடிதம் அனுப்பியிருக்கிறார். திசையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

16 நவம்பர், இனாண்டா

நகரத்தில் ட்ரூரோ வந்த நாளை நினைவுகூருகிறார்கள். நான் போகவில்லை. தாயிடம் அவருடைய பகுதிகளை மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். அசையாமல் பார்த்தார். என் குரல் வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

மகனின் பெயரைத் தவறாகச் சொல்கிறேனாம்.

பெயரின் நடுவே ஓர் ஒலி உண்டு. நுனிநாக்கை முன்பல்லின் பின்னால் ஒட்டி, சட்டென்று இழுத்துப் பிரிக்க வேண்டும். நம் ஊரில் பிறர் துயரைக் கேட்டு உச்சுக் கொட்டுவோமே, அதே ஒலி. ஜூலுவில் அது ஓர் எழுத்து. நான் அதை 'க' என்று சொல்லிக் கடந்திருந்தேன், படம் முழுக்க, ஒன்பது இடங்களில்.

அவர் சொன்னார், நான் சொன்னேன். இல்லை என்று தலையசைத்தார். மறுபடி சொன்னார். ஒலிப்பதிவாளர் ஜன்னலை மூடிவிட்டு மைக்கைத் திருப்பினார்.