அம்மா பெற்ற நோயில் பூசுதல்

பெங்களூரு சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குச் செல்லும் எங்கள் வீட்டில், அம்மாவின் இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும் குருவானவரை அழைத்து, நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில் பூசுதல் என்னும் அருட்சாதனத்தைப் பெறலாம் என்று நான் சொன்னபோது, பெரியம்மா கலங்கிப்போய், "அதற்குள் எதற்கு அவஸ்தைப்பூசுதல்?" என்று கேட்டார்.

சாகும் வேளையில் பூசுதல் என்று பொருள்படும் அந்தப் பழைய பெயரே நம்மவர் மனத்தில் இத்தனை அச்சத்தை விதைத்துவிட்டது என்று நினைக்கிறேன். இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய அருட்சாதனம் அன்று என்பதை உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே தெளிவாகச் சொல்லியது. கடும் நோயுற்றோர், பெரிய அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோர், முதுமையால் தளர்ந்தோர் ஆகிய அனைவரும் இதைப் பெறலாம். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். இறப்போருக்கு உரிய அருட்சாதனம் உண்மையில் இறுதிப் பயணத்திற்கு வழியுணவாக வழங்கப்படும் நற்கருணையே, அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பமே. ஆனாலும் நாம், நினைவு தப்பிய பிறகுதான் குருவானவரைத் தேடி ஓடுகிறோம். நோயாளி தாமே "ஆமென்" சொல்லிப் பெறவேண்டிய ஆறுதலை அவருக்கு இல்லாமல் செய்துவிடுகிறோம். இது எனக்குப் பெரும் வருத்தம்.

அம்மா முதலில் பாவங்களை அறிக்கையிட்டு ஒப்புரவு அருட்சாதனம் பெற்றார். பின்னர் குருவானவர் ஒன்றும் பேசாமல் அவர் தலைமேல் கைகளை வைத்து, ஆயர் புனித வாரத்தில் மந்திரித்த எண்ணெயை நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசி மன்றாடினார். அன்றிரவு அம்மா நன்றாக உறங்கினார்.

எண்பதை நெருங்கும் பெரியம்மா, தமக்கும் பூசுவார்களா என்று நேற்று என்னிடம் கேட்டார்.